பெத்தவளைப் பாக்க வந்தவரு

என் மகன் பொறந்தப்ப எங்க வீட்டுக்கு வந்த அத்தனை பேர்லயும், அவன் மூஞ்சியப் பாக்காமலே திரும்பிப் போனது ஜீப்பண்ணன் ஒருத்தருதான். மத்தவங்க எல்லாம் செருப்பக் கழட்டுறதுக்கு முந்தியே துணிய வெலக்கி, மூக்கு அப்பனாட்டம், காது ஆத்தாளாட்டம்னு பஞ்சாயத்து வெச்சாங்க. இவரு வாசப்படிகிட்டயே நின்னாரு. தலைய மட்டும் உள்ள நீட்டி, நான் கெடந்த கட்டிலப் பாத்து, "டீச்சரம்மா, தூங்குனீங்களா? கஞ்சி கிஞ்சி எறங்குதா?"ன்னு கேட்டாரு. தொட்டில் அவரு மூக்குக்கு நேராத்தான் தொங்குச்சு. அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

எங்கம்மாவுக்கு வந்துச்சே கோவம். "ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்கு, நல்லாருக்கான்னு ஒரு வார்த்தை வாயில வருதா பாரு. வெளங்காத மனுசன்"னு அடுப்படியில போய் முணுமுணுத்தாங்க. அம்மாவச் சொல்லியும் குத்தமில்ல. கொடைக்கானல்ல பிள்ளை பொறந்த வீட்டுல பாதி வீடு அவரு மேல இந்தக் கோவத்தப் பட்டிருக்கும்.

அவரு பேரு எனக்கு அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. பெரியவங்க சின்னவங்க எல்லாருக்கும் அவரு ஜீப்பண்ணன்தான். சின்ன வயசுல சிலோன் தேயிலத் தோட்டத்துலருந்து அப்பா அம்மாவோட கப்பலேறி வந்தவரு. "பேசாதீங்க"ங்கிறதுக்கு "கதைக்காதீங்க"ம்பாரு. ஆளு நல்ல ஒசரம், நகத்துக்குள்ள எப்பவும் கிரீஸு, தொண்டையோ தகர டப்பா. வெள்ளனே பண்ணைக்காட்டுலருந்து வாழைத்தார் ஏத்திக்கிட்டு வருவாரு, மத்தியானம் பூண்டிப் பக்கம் ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போவாரு. எதுக்க வர்ற லாரிக்காரன அவரு வையிற வசவ நான் இங்க எழுத முடியாது. நான் நாலாங்கிளாஸ் டீச்சரு.

ஆனா அவருக்குன்னே ஒரு சோலி இருந்துச்சு. ஆஸ்பத்திரியில பிள்ளை பெத்தவங்கள வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றது. வலி எடுத்துப் போறப்ப கெடச்ச வண்டியில ஏறிப் போயிருவாங்க. திரும்பி வர்றதுக்கு மட்டும் "ஜீப்பண்ணன் வரட்டும்"னு காத்துக் கெடப்பாங்க. வத்தலக்குண்டுலருந்து மேல ஏறுற ரோட்டுல எத்தன வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் தையல் போட்ட எடம் என்ன பாடுபடும்னு பட்டவளுக்குத்தான் தெரியும். அன்னைக்கு மட்டும் அவரு ஹாரன் அடிக்கமாட்டாரு, யாரையும் வையமாட்டாரு, பின்னாடி வர்ற பஸ்ஸுக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டுருவாரு. ஜீப்பண்ணன் பிரசவ வண்டிய ஆட்டுக்குட்டி கூட முந்திரும்னு சனங்க கேலி பண்ணும்.

ஏன் இப்பிடின்னு ஊர்ல ஆளுக்கொரு கதை வெச்சிருந்தாங்க. மொதப் பொண்டாட்டி பிரசவத்துல போயிட்டான்னு ஒருத்தி சொன்னா. சாமிக்கு நேந்துக்கிட்டாருன்னு இன்னொருத்தி. எல்லாம் சும்மா. அவருக்கு ஒரே பொண்டாட்டிதான், அந்தக்கா மார்க்கெட்டுல கேரட் மூட்டைய தானே தூக்கி வெக்கிற ஆளு. நான் ஒருக்கா அவருகிட்டயே கேட்டேன். "அதுல என்னம்மா கதை இருக்கு"ன்னாரு. "ஓட்டுறப்ப பின்னாடி பாக்குற கண்ணாடியப் பாத்துத்தான ஆகணும்? பிள்ளை மடியில கெடக்கும், அது கண்ணாடியில தெரியாது. பெத்தவ மூஞ்சிதான் தெரியும். வளைவுக்கு வளைவு அதையேதான் பாத்துக்கிட்டு வாரேன். பழகிப்போச்சு." அம்புட்டுத்தான் வெளக்கம். நான் என்னமோ பெருசா எதிர்பாத்தேன்.

அந்தப் பழக்கம் ஒரு உசுரக் காப்பாத்துனது ஊருக்கே தெரியும். பூண்டிக்காரப் பொண்ணு ஒண்ணு, தலப்பிரசவம். வீட்டாளுங்க எல்லாரும் முன்னாடி சீட்டுல நெருக்கிக்கிட்டு, பிள்ளைய கைமாத்திக் கைமாத்திக் கொஞ்சிக்கிட்டு வந்திருக்காங்க. பின்னாடி அந்தப் பொண்ணு சாஞ்சு கெடந்திருக்கு. பாதி வழியில அண்ணன் வண்டிய நிறுத்தி, வந்த பக்கமே திருப்பிட்டாரு. "நல்ல நேரம் முடியப்போகுது, ஆரத்தி கரைச்சு வெச்சிருக்கு, இந்தாளுக்கென்ன கிறுக்கா"ன்னு மாமியாக்காரி கத்துது. "ஆரத்தி காத்திருக்கும்மா. இவ ஒதடு வெளுத்துப்போச்சு, கதைக்காம வாங்க"ன்னாரு. அந்தப் பொண்ணுக்குச் சீலைக்கடியில ரத்தம் போய்க்கிட்டே இருந்திருக்கு. ஆம்பளைங்க இருக்க வண்டியில வாய விட்டுச் சொல்லக் கூச்சம். இன்னுங் கொஞ்சம் தாமசமாயிருந்தா அவ இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். அந்த மாமியா அதுக்கப்புறம் அண்ணனப் பாத்தா எந்திரிச்சு நிக்கும்.

பிள்ளை பாக்கப் போறப்ப அவரு கையில பவுடர் டப்பா இருக்காது, கிலுகிலுப்பை இருக்காது. ஒரு கட்டு மலப்பூண்டு இருக்கும். "பெத்தவளுக்கு"ன்னு குடுத்துட்டு வந்துருவாரு. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பின்னாடி ஒரு தெருநாய் குட்டி போட்டுச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பூரா குட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுதுங்க, இவரு பன்ன பால்ல முக்கி ஆத்தா நாய்க்கு ஊட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. நானே பாத்தேன். பாத்துட்டுச் சிரிச்சேன்.

சிரிச்சவ நான். என் மொறை வந்தப்ப சிரிப்பு வரல.

எங்க வச்சுத் தொலைச்சேன்னு தெரியாம எனக்குள்ள என்னமோ தொலைஞ்சுபோச்சு. வத்தலக்குண்டுல ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. பிள்ளைய என் பக்கத்துல படுக்க வெச்சாங்க. யாரோ வீட்டுப் பிள்ளையாட்டம் இருந்துச்சு. தொடப் பிடிக்கல. அழுதா பால் குடுப்பேன், குடுத்துட்டு மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவேன். வகுப்புல சத்தம் போட்டே பழகுன தொண்டை எனக்கு, அதுலருந்து ஒரு வார்த்தை வரல. சாப்பாடு வேண்டியிருக்கல. இருந்து என்னத்துக்குன்னு இருந்துச்சு. இப்ப இதுக்கெல்லாம் பேரு வெச்சிருக்காங்க, மாத்திரை இருக்கு. அப்ப எங்க வீட்டுல அதுக்குப் பேரு "ஒடம்பு அசதி". வீட்டுக்கு வந்து எறங்குனப்ப, ஜீப்பண்ணன் எங்க வீட்டுக்காரரத் தனியா கூப்பிட்டு, "சார், டீச்சரம்மா மூஞ்சி சரியில்ல. பாத்துக்கங்க"ன்னாரு. "ஆமாண்ணே, அசதி"ன்னாரு இவரு. பேங்க்ல வேலை பாக்குறவரு, நல்ல மனுசன், எதையும் நல்லவிதமாவே எடுத்துக்குவாரு. அது ஒரு தொல்லை.

கட்டில ஹால்ல போட்டிருந்தாங்க, அங்கதான் கொஞ்சம் கதகதப்பு. தலமாட்டுல என் மீன் தொட்டி. நானா ஆசப்பட்டு மதுரையிலருந்து வாங்கியாந்தது. நாலஞ்சு கருப்பு மோலி. முட்டை போடாது, குட்டியாவே போடும். கொடைக்கானல் குளுருக்கு மீன் வளக்குறவ பைத்தியக்காரின்னு அம்மா சொல்வாங்க, ஆனா தண்ணிய சூடாக்குற ஹீட்டரப் போட்டு, கல்லுப்பு கொஞ்சம் கலந்து, நான் வளத்துக் காமிச்சேன். நான் மாசமா இருந்தப்ப எனக்கும் வயிறு, தொட்டியில ஒரு மீனுக்கும் வயிறு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுகூடத்தான் மொதப் பேச்சு. பிள்ளை பொறந்தப்புறம் அந்தப் பக்கங்கூடத் திரும்பல.

நான் வீட்டுக்கு வந்த ரெண்டொரு நாள்லயே அதுவும் பெத்துருச்சு. வீடே திருவிழா. ஒரே வீட்டுல ரெண்டு பிரசவம்னு அக்கம்பக்கமெல்லாம் வந்து பாத்துச்சு. வீட்டுக்காரரு கொசுவாட்டம் இருந்த குட்டிங்கள ஒவ்வொண்ணா வலையில பிடிச்சு வேற டப்புல விட்டாரு. பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு அம்மா, "பாருடா, உன் சோட்டுப் பிள்ளைங்க"ன்னு காமிச்சாங்க. அந்நேரம்தான் ஜீப்பண்ணன் என்னைப் பாத்துட்டுப் போக வந்தாரு. விசயத்தச் சொன்னாங்க. டப்புப் பக்கம் போகல. தொட்டி முன்னாடி குத்தவெச்சு ஒக்காந்து, "ஆத்தா மீனு எது?"ன்னாரு.

யாருக்கும் தெரியல. தேடுனாரு. தொட்டி மூலையில, பில்டருக்குப் பின்னாடி தரையோட தரையா கெடந்துச்சு. வயிறு ஒட்டிப்போய், துடுப்பச் சுருக்கிக்கிட்டு, நின்ன எடத்துலயே ஒடம்பு வெடவெடன்னு ஆடுச்சு. ரெண்டு ஆண் மீனு விடாமக் கொத்தி வாலு கிழிஞ்சிருந்துச்சு. அன்னைக்குக் கரண்டு வேற இல்ல, ஹீட்டர் ஓடல. அண்ணன் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பெறகு திரும்பி என்னைப் பாத்தாரு. "இவளும் ஒண்ணுந் திங்கல போல"ன்னாரு.

அந்த "இவளும்" எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

மறுநாள் ஒரு பிளாஸ்க்கோட வந்தாரு. இங்க பிள்ளை பெத்த ஒடம்புக்கு எலை தழையெல்லாம் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துவாங்க. எங்கம்மா எனக்கு ஊத்துனதுல தோலு உரியாததுதான் பாக்கி. அண்ணன் பொண்டாட்டிகிட்டச் சொல்லி, வேப்பெலை நொச்சியெல்லாம் போட்டு அதே மாதிரி தண்ணி காய்ச்சிக் கொண்டாந்திருக்காரு. மீனுக்கு. மூடியத் திறந்து தொட்டிக்கு மேல சாச்சுட்டாரு. ஆவி குபுகுபுன்னு வருது.

"ஊத்தாதீங்கண்ணே, வெந்துபோயிரும்" அப்பிடின்னு கத்தினேன்.

அடுப்படியில அம்மா கையிலருந்த கரண்டி விழுந்துச்சு. ஆஸ்பத்திரியிலருந்து வந்ததுக்கப்புறம் என் தொண்டையிலருந்து வந்த மொத சத்தம் அது. அண்ணன் பிளாஸ்க்க மூடிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி, "அப்ப நீங்களே சொல்லுங்க, எம்புட்டுச் சூடு?"ன்னாரு. தெரிஞ்சேதான் செஞ்சாரோன்னு நான் ரொம்ப நாள் சந்தேகப்பட்டேன். பின்னால கேட்டப்ப, "சத்தியமாத் தெரியாதும்மா, பெத்த ஒடம்பு எல்லாம் ஒண்ணுதானன்னு நெனச்சேன்"னாரு. அந்த மனுசன் நடிக்கத் தெரிஞ்சவரு இல்ல.

வேற வழியில்லாம நான் எந்திரிச்சேன். வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்து, பெரிய கண்ணாடி ஜாடியில தண்ணி வெலாவி, முழங்கைய விட்டுச் சூடு பாத்தேன். உப்புக் கலக்கச் சொன்னேன். அந்த ஆண் தடியனுங்ககிட்டருந்து அவளப் பிரிச்சு ஜாடியில விட்டோம். வெளிச்சம் கூசாம ஜாடியச் சுத்தி அவரு கம்பளிய வெச்சாரு. கரண்டு போனா வெந்நி நெறச்ச பாட்டில பக்கத்துல சாச்சு வெப்பாங்க அம்மா, திட்டிக்கிட்டேதான். அண்ணன் தெனமும் வந்தாரு, சவாரிக்கு நடுவுல, வண்டி எஞ்சின அணைக்காம. வந்தா ரெண்டே கேள்வி. "அவ தின்னாளா?" நான் இல்லம்பேன். "நீங்க?" அதுக்கும் இல்லம்பேன். தலையாட்டிட்டுப் போயிருவாரு. தின்னுங்கன்னு ஒரு நாளும் புத்தி சொன்னதில்ல.

ஒரு நாள் பூண்டோட வந்தாரு. "மீனு பால் குடுக்காதுண்ணே"ன்னேன். "பால் குடுக்கலைன்னா பூண்டு திங்கக் கூடாதா?"ன்னு கேட்டாரு. பச்சப் பட்டாணிய வேக வெச்சுத் தோலுரிச்சு நசுக்கி, அதுல பூண்டுச் சாறு ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையளவு எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவ மெதுவா மேல வந்தா. ஒரு வாய் எடுத்தா. துப்புனா. திரும்ப எடுத்தா. முழுங்கிட்டா. அண்ணன் ஜாடிய விட்டுட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு மத்தியானம் நான் ஒரு வாய் ரசஞ்சோறு தின்னேன். அண்ணன் வந்து கேட்டா ரெண்டு பேருக்கும் ஆமாம்னு சொல்லலாமேன்னுதான்.

அப்பிடியே நாள் போச்சு. அவ திங்கிற அன்னைக்கு நானும் திம்பேன். அவ அடியில படுத்துக் கெடந்தா எனக்கும் எறங்காது. கூத்துதான், ஆனா வீட்டுல யாருக்கும் வேற வழி தெரியல. இந்த மீனு பொழைச்சா இவ பொழைச்சுக்குவான்னு அம்மா கண்ணு சொல்லுச்சு.

அது பொழைக்கல.

ஒரு நாள் காலையில வீட்டுக்காரரு பாத்திருக்காரு, பக்கவாட்டுல மெதந்துச்சாம். எனக்கு அப்ப தெரியாது. அம்மா அன்னைக்குன்னு பாத்து எனக்கு எண்ணெய் தேச்சு, உச்சியில தட்டித் தட்டி, குளிக்க வெச்சு, சாம்பிராணி போட்டு உள் ரூம்லயே தூங்க வெச்சாங்க. அந்த எடவேளையில இவரு ஓடிப்போய், ஏரிக்கிட்ட ஒரு ஓட்டல் வரவேற்புல இருந்த தொட்டியிலருந்து அதே கருப்பு மோலி ஒண்ணக் கெஞ்சிக் கேட்டு வாங்கியாந்து, ஜாடியில விட்டுட்டாரு. நான் எந்திரிச்சு வந்தா, ஜாடிக்குள்ள துறுதுறுன்னு நீந்துது. "பாத்தியா, நல்லாயிருச்சு"ங்கிறாரு. "கண்ணு பட்டுரப்போகுது"ங்கிறாங்க அம்மா.

எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வாலு முழுசா இருந்துச்சு. வயிறு ஒட்டல. "ஆமா, நல்லாயிருச்சு"ன்னேன். ரெண்டு பேரும் அப்பிடி ஒரு பெருமூச்சு விட்டாங்க. நான் கட்டில்ல ஒக்காந்து தொட்டிலப் பாத்தேன். நான் போனாலும் இப்பிடித்தான், மறுநாளே ஒருத்தியக் கொண்டாந்து விட்டுருவாங்க, பிள்ளைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாதுன்னு நெனச்சேன். அதுல வருத்தங்கூட இல்ல. சரி, பரவால்ல, போயிரலாம்னு தோணுச்சு. அந்த மாதிரி நிம்மதியா இருந்த பொழுது என் வாழ்க்கையில வேற இல்ல.

சாயங்காலம், சாரல் விழுந்துக்கிட்டு இருந்துச்சு, ஜீப்பண்ணன் வந்தாரு. வாசப்படியில நின்னு வழக்கமாக் கேக்குறதக் கேக்க வாயெடுத்தவரு, ஜாடியப் பாத்ததும் நிறுத்திட்டாரு. அம்மா வேகமா, "நல்லாயிட்டா தம்பி, பாருங்க எப்பிடி வெளையாடுறா"ன்னாங்க. வீட்டுக்காரரு பின்னாடி நின்னு அண்ணனுக்குக் கண்ணக் காட்டுனாரு. அண்ணன் குனிஞ்சு ஒரு தடவை பாத்தாரு.

"இது அவ இல்ல"ன்னாரு. "அவளுக்கு என்னாச்சு?"

உள்ளங்கையளவு கூட இல்லாத கருப்பு மீனு, எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். எங்கம்மா தெனமும் பாத்தவங்க, அவங்களுக்கே வித்தியாசம் தெரியாது. இந்த மனுசன் சவாரிக்கு நடுவுல வந்து எட்டிப் பாத்துட்டுப் போனவரு. அவருக்கு அது ஒருத்தி. அவ இல்லைன்னா இல்லதான், அவ எடத்துல ஒருத்திய நிறுத்தி அவரச் சமாதானம் பண்ண முடியாது. ஒரு மனுசனால இப்பிடிக்கூடப் பாக்க முடியுமான்னு இருந்துச்சு எனக்கு.

வீட்டுக்காரரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "காலையில செத்துப்போச்சுண்ணே. பின்னாடி குப்பையில..." அண்ணன் அவர ஒண்ணும் வையல. என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, அவ போயிட்டா"ன்னாரு. "நல்லாத்தான் பாத்தோம். அப்பிடியும் போயிட்டா."

எனக்கு அழுகை வந்துச்சு. சின்ன அழுகையில்ல, அடிவயித்துத் தையல் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கிற அழுகை. பிள்ளை பொறந்ததுலருந்து சேந்து கெடந்தது பூரா அன்னைக்குத்தான் வெளிய வந்துச்சு. அம்மா பதறிப்போய், "ஒரு மீனுக்காடி"ன்னு கிட்ட வந்தாங்க. "விடுங்கம்மா, அழுகட்டும்"னுட்டு அண்ணன் வீட்டச் சுத்திப் பின்னாடி போனாரு. தொட்டில்ல பிள்ளை என் சத்தத்துல முழிச்சு வீறிட்டுச்சு. அம்மா எடுக்கப் போனாங்க. "இருங்கம்மா, நானே எடுக்குறேன்"னு எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டேன். ரெண்டு பேரும் சேந்து அழுதோம். கழுத்துல அவன் வாய் சூடா இருந்துச்சு.

சன்னல் வழியா தெரிஞ்சுச்சு. அண்ணன் குப்பையிலருந்து காகிதப் பொட்டலத்த எடுத்து, பிளம்ஸ் மரத்தடியில டயர் கழட்டுற கம்பியால குழி தோண்டிக்கிட்டிருந்தாரு. பொட்டலத்தப் பிரிச்சு அவள மட்டும் எடுத்து வெச்சு மண்ணத் தள்ளுனாரு. தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் மழையில நின்னாரு. எங்க வீட்டுக்காரரும் வெளிய போய் அவரு பக்கத்துல நின்னாரு. யாரும் சிரிக்கல.

அதுக்கப்புறம் அவரு வீட்டுக்குள்ள வரல. செத்ததத் தொட்ட கையோட பச்சப் பிள்ளை இருக்க வீட்டுக்குள்ள வரக்கூடாதாம். சன்னலுக்கு வெளிய, சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு, "நீங்க தின்னீங்களா?"ன்னு கேட்டாரு.

நான் இல்லன்னு தலையாட்டுனேன். அவரு வழக்கம்போல போகல. நின்னாரு.

அம்மா தட்டுல சோறு போட்டுக் கொண்டாந்தாங்க. பிள்ளை ஒரு தோள்ல கெடந்தான், ஒத்தக் கையால பெசஞ்சு, சன்னல்கிட்ட நின்னே தின்னேன். கண்ணீரும் மூக்குச் சளியும் சோத்துல விழுந்துச்சு, அப்பிடியேதான் தின்னேன். கடைசிப் பருக்கையும் வழிச்சுத் தின்னு முடிக்கிற வரைக்கும் அந்த மனுசன் சாரல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. பெறகுதான் போய் வண்டியில ஏறுனாரு.